கூப்பன் அரிசியிலிருந்து அஸ்வெசும வரை

இலங்கையில் அரச நலன்புரி உதவியின் வரலாறு, 1942இல் போர்க்காலத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த அரிசிப் பங்கீட்டிலிருந்து, அதாவது வசதியுள்ளவர் இல்லாதவர் என்ற பிரிவின்றி வழங்கப்பட்டு, 'கூப்பன் அரிசி' என்று மக்கள் வாயில் நிலைத்த ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மூண்ட ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பதவியையே பறித்தது. பின்வந்த ஆட்சிகள் அரிசியில் கைவைக்க நெடுங்காலம் தயங்கியதில் வியப்பில்லை. 1979இல் பங்கீட்டின் இடத்தைப் பிடித்த உணவு முத்திரை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் உரிய, ரூபாய் மதிப்பிட்ட சீட்டு. விலைவாசி ஏறியும் அம்மதிப்பு பல ஆண்டுகள் ஏறாததால், அதே சீட்டுக்குக் கடையில் கிடைத்த அரிசி வரவரக் குறைந்தது. ஏழைகளை நேராகத் தாக்கிய சிக்கனம் இதுவே. பின்னர் வறுமை ஒழிப்புத் திட்டங்களாக 1989இல் ஜனசவியவும் 1995இல் சமுர்த்தியும் வந்தன. ஆயினும் பயனாளிப் பட்டியலில் கட்சிச் செல்வாக்கு நுழைந்ததென்ற குற்றச்சாட்டு சமுர்த்தியை விட்டகலவில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023இல் அறிமுகமான அஸ்வெசும, குடும்பங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து, உதவியை வங்கிக் கணக்கில் செலுத்த முற்பட்டது. முதற்பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன.