தந்தியில் நடந்த ஆட்டம்

ஆட்டத்தைப் பார்க்காமலேயே அதை நேர்முக வர்ணனை செய்யும் தொழில் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1920களில் பிறந்து, அடுத்த இருபது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, 1950களில் படுக்கையில் விழுந்தது. அங்கங்கே சில ஊர்களில் இன்னும் கொஞ்ச காலம் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அன்று யாரும் எழுதாத இரங்கலை இப்போதாவது எழுதிவிடலாம்.

பேஸ்பால் முதன்முதலாக வானொலியில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று. பிட்ஸ்பர்க் மைதானத்தில் உட்கார்ந்து கேடிகேஏ நிலையத்துக்காக ஹாரல்ட் ஆர்லின் வர்ணித்தார். உள்ளூர் ஆட்டம் என்பதால் அது முடிந்தது. அணி வெளியூர் போனால் என்ன செய்வது? அவ்வளவு தூரத்துக்குத் தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுக்க நிலையங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தந்தி மலிவு. மைதானத்தில் இருக்கும் வெஸ்டர்ன் யூனியன் ஊழியர் ஒவ்வொரு வீச்சையும் சுருக்கக் குறிகளில் தட்டுவார். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஸ்டுடியோவில் இன்னொருவர் அதை ஒரு துண்டுத்தாளில் எடுத்து நீட்டுவார். 'முதல் ஸ்ட்ரைக், அடிக்கவில்லை' என்ற அளவுதான் அதில் இருக்கும். மிச்சம் எல்லாம் வர்ணனையாளர் வாயில். பிட்சர் தொப்பியைச் சரிசெய்வதும், பேட்டர் மண்ணைக் காலால் கிளறுவதும், மேகம் கூடுவதும் அங்கேதான் பிறந்தன.

கூட்டத்தின் இரைச்சலுக்கு இசைத்தட்டு, மட்டையில் பந்து படும் சத்தத்துக்குக் கட்டையில் ஒரு தட்டு. டல்லாஸில் லிபர்ட்டி என்ற வானொலி வலைப்பின்னலைத் தொடங்கிய கார்டன் மெக்லெண்டன் இதில் மன்னர். வயது இன்னும் முப்பதைத் தொடாதபோதே 'ஸ்காட்லாந்துக் கிழவர்' என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்ட மனிதர். அவருடைய ஆட்டங்கள் உச்சத்தில் 400க்கும் அதிகமான நிலையங்களில் ஒலித்தன. இன்னொரு வர்ணனையாளரான ரெட் பார்பர் இதற்கு நேர் எதிர். தந்திக் கருவியின் பக்கத்திலேயே மைக்கை வைத்து, அதன் டக்டக் ஒலி கேட்கும்படி வர்ணித்தார். 'நான் மைதானத்தில் இல்லை' என்பதை அந்த ஒலியே சொல்லிவிடும். இருவருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள்.

இந்தத் தொழிலில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. அலங்காரத்தை இட்டுக்கட்டலாம், ஸ்கோரில் கை வைக்கக் கூடாது. இதைப் புரியவைக்க ரொனால்ட் ரீகன் கதையை விட்டால் வேறில்லை. பின்னாளில் அதிபரான அவர், 1930களில் அயோவாவின் டபிள்யூஎச்ஓ நிலையத்தில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களைத் தந்தி பார்த்து வர்ணித்தவர். ஒருநாள் வர்ணனை நடுவே கம்பி செத்துப்போனது. அதை ஒப்புக்கொண்டால் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். எனவே ரீகன் பேட்டரை ஃபவுல் அடிக்க வைத்தார். கோட்டுக்கு வெளியே ஒரு பந்து, இன்னொரு பந்து, மறுபடியும் ஒரு பந்து என்று கம்பி உயிர் பெறும்வரை நிமிடக்கணக்கில் ஓட்டினார். அவரே பலமுறை சொல்லிச் சிரித்த கதை இது. ஆனால் அதிலிருக்கும் தொழில் நுணுக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் எத்தனை ஃபவுல் அடித்தாலும் பேட்டர் அவுட் ஆவதில்லை, ஓட்டமும் இல்லை. மறுநாள் நாளிதழின் ஸ்கோர் பட்டியலிலும் அது வராது. பொய் சொல்லியே தீர வேண்டிய நேரத்தில், ஆட்டத்தில் தழும்பு விடாத ஒரே பொய்யை அவர் பொறுக்கி எடுத்தார்.

கிரிக்கெட்டும் இதற்கு விலக்கல்ல. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, ஆலன் மெக்கில்வ்ரே உள்ளிட்டோர் கடல்தந்திகளை வைத்துக்கொண்டு சிட்னி ஸ்டுடியோவிலிருந்தே டெஸ்ட் வர்ணனை செய்தார்கள். அங்கே மட்டைச் சத்தம் கொடுத்தது ஒரு பென்சில்.

நோய் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, உரிமை. ஆட்டத்தின் செய்தியே அணியின் சொத்து என்று 1938இல் பிட்ஸ்பர்க் அணி தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது. பின்னர் அணிகள் லிபர்ட்டிக்குக் கதவை அடைத்தன. 1952இல் அது இழுத்து மூடப்பட்டது. மற்றொன்று, வசதி. யாங்கீஸ் அணி 1946 முதல் வெளியூர் ஆட்டங்களையும் மைதானத்திலிருந்தே ஒலிபரப்பத் தொடங்கியது. மற்ற அணிகளும் அதே வழியில் போயின. கடைசியாக வந்தது தொலைக்காட்சி.

சாவதற்குமுன் இந்தத் தொழில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1957 முடிவில் ஜயன்ட்ஸ் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அனாதையான ரசிகர்களுக்காக, வர்ணனையாளர் லெஸ் கீட்டர் அந்த அணியின் ஆட்டங்களை நியூயார்க் ஸ்டுடியோவில் மூன்று பருவங்கள் மறுபடி ஆடிக் காட்டினார். அணி மூவாயிரம் மைல் தள்ளிப் போனபின்னும் அதன் ஆட்டம் ஊரில் கேட்டுக்கொண்டிருந்தது.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2020ஐ நினைவூட்ட வேண்டும். பெருந்தொற்று ஆண்டில், வெளியூர் ஆட்டங்களை வர்ணனையாளர்கள் சொந்த ஊரிலிருந்தே திரையைப் பார்த்து வர்ணித்தார்கள். ஆளில்லாத மைதானங்களில், ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்த கூட்ட இரைச்சல் ஒலித்தது. அதைக் காலத்தின் கட்டாயம் என்றுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். திரைகூட இல்லாமல், ஒரு துண்டுத்தாளை மட்டும் நம்பி ஒன்பது இன்னிங்ஸ் பேசியவர்களுக்கும் அதே நியாயத்தை வழங்குவதுதான் முறை.