பார்க்கும் கண்ணாடியும் பார்க்கப்படும் கண்ணாடியும்

தமிழில் கண்ணாடி என்கிற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. முகம் பார்ப்பதும் கண்ணாடி. ஜன்னலில் பதித்து வெளியே பார்ப்பதும் கண்ணாடி. ஒன்று நம்மை நமக்கே திருப்பித் தருகிறது. மற்றது தன்னை மறைத்துக்கொண்டு வேறொன்றைக் காட்டுகிறது. புகைப்படத்தைப் பற்றிய நமது பொதுப்புத்தி லென்ஸை இரண்டாவது வகையிலேயே சேர்த்துவிட்டது. லென்ஸ் காட்டுகிறது, நாம் நம்புகிறோம், அவ்வளவுதான். சரி, அந்த லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடியை, ஒரு சாதாரணத் தண்ணீர் டம்ளரை வைத்தால் என்ன ஆகும்? இந்த நம்பிக்கையில் கீறல் விழும். அந்தக் கீறலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1

இங்கிலாந்தில் லேக்காக் அபே என்ற பரம்பரை மாளிகையில் வாழ்ந்த ஃபாக்ஸ் டால்பட், 1844க்கும் 1846க்கும் இடையில் 'இயற்கையின் பென்சில்' என்ற நூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள். மூன்றாவது படத்தில் பீங்கான் சாமான்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்காவதில் அதே மாதிரி கண்ணாடிச் சாமான்கள். பீங்கான் படத்துக்கு எழுதிய குறிப்பில் டால்பட் ஒரு யோசனை சொல்கிறார்: இவற்றைத் திருடன் கொண்டுபோய்விட்டால், இந்தப் படத்தையே வாய்பேசாச் சாட்சியாக நீதிமன்றத்தில் நிறுத்தலாமே! ஆக, புகைப்படம் பிறந்த கையோடு உடைமையாளனின் சொத்துப் பட்டியலாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் அடுத்த படத்திலேயே சிக்கல் வந்துவிடுகிறது. வெள்ளைப் பீங்கானையும் கண்ணாடியையும் சேர்த்து வைத்து எடுத்தால் சரிப்படாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பீங்கான் பதிந்து முடியும் நேரத்தில் கண்ணாடி பதியவே தொடங்கியிருக்காது. நூலின் பெயரோ 'இயற்கையின் பென்சில்'. இயற்கை தானே வரைகிறது, மனிதக் கை இதில் இல்லை என்பது அதன் உரிமைகோரல். அப்படியானால் பீங்கானுக்கு இவ்வளவு நேரம், கண்ணாடிக்கு இவ்வளவு நேரம் என்று முடிவு செய்தது யார்? அலமாரியைப் பிரித்து அடுக்கியது யார்? பென்சிலைப் பிடித்திருக்கும் கை நான்காவது படத்தில் லேசாக வெளியே தெரிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு. தெளிந்த கண்ணாடிக்கென்று தனியே ஒரு தோற்றம் கிடையாது. விளிம்பில் வளையும் ஒளி, பரப்பில் விழும் ஜன்னல், பின்னால் இருக்கும் இருட்டு, இவைதான் அதன் உருவம். பக்கத்திலிருப்பதைத் தன்னில் காட்டும் பளிங்கை வள்ளுவர் 'குறிப்பறிதல்' அதிகாரத்தில் உவமையாக்கியது நமக்குத் தெரியும். அதை மனத்தைக் காட்டும் முகத்துக்குச் சொன்னார். லென்ஸுக்கும் அது பொருந்தும் என்பதைத்தான் நாம் யோசிக்கவில்லை.

2

காரணம், லென்ஸும் கண்ணாடிதான். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றைத் தொடும் ஆறு பரப்புகள் கொண்ட லென்ஸில் ஏறக்குறைய 78 சதவிகிதம்தான் நேராக உள்ளே போகும். எட்டுப் பரப்புகள் என்றால் 72. மிச்சம் எல்லாம் வெளியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி பரப்புக்குப் பரப்பு முட்டி, உள்ளேயே அலைந்து, படத்தின் கருமையான இடங்களில் மெல்லிய பால்வெளிச்சமாகப் படிந்துவிடும். பழைய லென்ஸ்களின் படங்களில் நாம் 'மென்மை' என்று ரசிப்பதில் பாதி, இப்படித் திசைதவறிய ஒளி.

இதில் வேடிக்கையான ஒரு அத்தியாயம் உண்டு. யார்க் நகரில் குக் நிறுவனத்தில் லென்ஸ் வடிவமைத்துவந்த டென்னிஸ் டெய்லர் 1890களில் ஒன்றைக் கவனித்தார். காலத்தால் மங்கிப் படலம் படிந்த பழைய லென்ஸ், புத்தம் புதிய பளபள லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது. அழுக்கு என்று நினைத்தது உதவியாக இருந்திருக்கிறது! மூப்பு தற்செயலாகச் செய்ததைத் தொழில்நுட்பம் பிறகு வேண்டுமென்றே செய்தது. 1935இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பவர் வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதை முதலில் ஆவலோடு அணைத்துக்கொண்டது கலை அல்ல, இராணுவம். பைனாகுலருக்கும் பெரிஸ்கோப்புக்கும் தெளிவான பார்வை வேண்டியிருந்தது. 'தெளிவு' என்பது கள்ளமற்ற அழகியல் மதிப்பு இல்லை; குறிபார்ப்பவனின் தேவையும் அதற்குள் இருக்கிறது.

1945 ஏப்ரலில் யேனாவைப் பிடித்த அமெரிக்கப் படை, ஜூலையில் அதைச் சோவியத்திடம் ஒப்படைக்குமுன் ஸைஸின் வல்லுநர்களைத் தன்னோடு மேற்கே கூட்டிப்போனது. மீதமிருந்த கருவிகளில் பெரும்பகுதியையும் ஆட்களில் ஒரு சிறு பகுதியையும் சோவியத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு நிறுவனம் இரண்டாயிற்று. ஸைஸின் பயோட்டார் லென்ஸ், மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் ஹீலியோஸ்-44 என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. இன்று டிஜிட்டல் கேமராவில் மாற்றுவளையம் மாட்டி அதே ஹீலியோஸில் படமெடுப்பவர்கள், பின்னணி சுழன்று தெரிவதைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சுழலுக்குள் தோற்ற நாட்டின் தொழிற்சாலை பெட்டி கட்டப்பட்ட கதை இருக்கிறது.

3

இந்த இடத்தில் பிராகா நகரத்து யோசெஃப் சுதெக்கைப் பார்க்கவேண்டும். 1896இல் பிறந்தவர். புத்தகம் பைண்ட் செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப்போரில் இத்தாலிய முனையில் காயம்பட்டு வலது கையை இழந்தார். ஒற்றைக் கைக்காரரால் பைண்டிங் செய்ய முடியாது, கேமராவைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது கையடக்கக் கேமராவைக்கூட இல்லை, மரச்சட்டமும் முக்காலியும் கொண்ட பழைய பெரிய கேமராக்களை.

1939 மார்ச்சில் நாஜிப் படை பிராகாவுக்குள் நுழைந்தது. தெருவில் கேமராவோடு நிற்பது சிரமமாயிற்று. 1940இல் தொடங்கி 1954 வரை சுதெக் தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். ஆவி படிந்த கண்ணாடி, உறைபனி பூத்த கண்ணாடி, அதற்கு அப்பால் முற்றத்தில் முறுகி நிற்கும் ஒரு மரம். ஜன்னல் விளிம்பில் பட்டை தீட்டிய ஒரு டம்ளர், அதில் பாதி தண்ணீர். படத்தைப் பெரிதாக்குவதையும் விட்டுவிட்டார். நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவுக்கு அதைத் தாளோடு ஒட்டவைத்து அச்செடுத்தார்.

இதைத் தப்பித்தல் என்று ஒருவர் சொல்லலாம். எதிர்ப்பு என்று இன்னொருவர் சொல்லலாம். நம் சிறுபத்திரிகைகளில் சமூகமா, சுத்தக் கலையா என்று மல்லுக்கட்டியவர்களுக்கு இரண்டு வாதமும் மனப்பாடம். எனக்கு இரண்டுமே போதவில்லை. வெறும் தப்பித்தல் என்றால் ஜன்னலின் அப்பக்கம் எதற்கு அத்தனை படங்களிலும்? வீரமான எதிர்ப்பு என்றால், 1948க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசின் பதிப்பகமே 1956இல் அவர் படத்தொகுதியை வெளியிட்டதே, அதை எங்கே வைப்பது?

வேறு மாதிரி வாசிக்கலாம். ஆட்சிகள் தெளிவைக் கேட்டன. ஒன்று குறிபார்க்கும் தெளிவை, மற்றது ஒளிமயமான எதிர்காலம் என்கிற தெளிவை. சுதெக்கின் ஜன்னல் படங்களில் பெரும்பாலும் நம்மால் வெளியே தெளிவாகப் பார்க்க முடிவதில்லை, கண்ணாடியைத்தான் பார்க்கிறோம். உள்ளே இருப்பவனின் மூச்சு அதில் ஈரமாகப் படிந்திருக்கிறது. பார்வைக்கு ஒரு இடம் உண்டு, ஒரு உடம்பு உண்டு, அந்த உடம்புக்கு ஒரு கை இல்லை. இதை மறைக்காத படம் அது. டால்பட்டின் கண்ணாடிகள் உடைமையின் சாட்சி. சுதெக்கின் டம்ளரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. அது யாருடைய டம்ளராகவும் இருக்கலாம்.

4

பழைய லென்ஸ் இன்று ஒரு சரக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒளிக்கசிவையும் சுழலையும் கம்ப்யூட்டரிலேயே போலச்செய்யலாம். குறை ஒரு அலங்காரமாகிவிட்டது. ஆனால் சுதெக் பழைய கேமராவைப் பழமைக்காகத் தூக்கிச் சுமக்கவில்லை. நேரம் எடுக்கும் கருவி அவருக்குத் தேவைப்பட்டது. நேரம்தான் கண்ணாடியைத் தெரியவைக்கிறது. பீங்கான் சீக்கிரம் பதிந்துவிடும், கண்ணாடிக்குக் காத்திருக்கவேண்டும் என்று டால்பட் தன்னையறியாமல் சொன்னதும் இதைத்தான்.

பழைய லென்ஸோ புதுசோ, மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அச்சில் வந்ததும் டம்ளரின் வயிற்றை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு ஜன்னல் இருக்கும். ஜன்னலுக்கு முன்னால், சின்னதாக, கேமராவும் கையுமாக ஒருவர் நிற்பார். அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் எழுதப்பட்ட வரலாறுகளைத்தான் நாம் இதுவரை 'தெளிவு' என்று வாசித்துக்கொண்டிருந்தோம்.