தஞ்சை ஜில்லா போர்டும் இராசாமடம் சத்திரமும்: தலைமையின் அரசியல் குறித்து ஒரு மறுவாசிப்பு

தஞ்சை ஜில்லா போர்டின் அரசியலை ஆராயப் புகுவோர் கிறிஸ்டோபர் பேக்கரைத் தவிர்க்க இயலாது. 1920 முதல் 1937 வரையிலான தென்னிந்திய அரசியலைப் பற்றி 1976இல் வெளிவந்த அவர் நூல், உள்ளாட்சிப் பதவிகளே மாகாண அமைச்சர்களையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் பிணைத்தன என்று வாதிடுகிறது. அமைச்சர் பதவி தருவார். மிராசுதார் ஆதரவு தருவார். நீதிக்கட்சி, காங்கிரஸ் என்பன இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இட்ட பெயர்கள். பேக்கர் காட்டும் போர்டு இதுதான்.

இவ்வாசிப்பு வலுவற்றதன்று. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் கலெக்டரே போர்டின் தலைவர். 1920ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை விரிவாக்கியும் நியமன இடங்களை விட்டுவைத்தது. உள்ளாட்சித் துறையைக் கையில் வைத்திருந்த பனகல் அரசர் அவற்றை அரசியல் கருவியாக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் மாகாணம் முழுமைக்கும் ஒரே அளவுகோல் வைத்த பேக்கர், தஞ்சையின் தனித்தன்மைக்கு உரிய இடம் தரவில்லை. சாலையும் ஆஸ்பத்திரியும் மட்டும் பராமரித்த போர்டு அல்ல இது. நிலத்தீர்வையோடு ரயில் வரியும் விதித்து, இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு ஜில்லா போர்டின் பணத்தில் இருப்புப்பாதை கண்டது. மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. 1902இல் அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டையையும், 1903இல் அறந்தாங்கியையும் எட்டியது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, பாதை போர்டுடையது. இதற்கும் மேலாக, மராட்டிய மன்னர்களின் சத்திரச் சொத்துகள் போர்டின் நிர்வாகத்தில் இருந்தன. அமைச்சரின் தயவை எதிர்பாராத வருவாய் இருந்த இடத்தில், தலைவர் யார் என்பது வேறு பொருள் கொள்கிறது.

அதிராம்பட்டினத்தை அடுத்த இராசாமடம் சத்திரத்தை இங்கே உற்று நோக்க வேண்டும். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் வழியில் அமைந்தது அது. 1924 முதல் 1930 வரை போர்டின் தலைவராக இருந்தவர் எனப் பொதுவாகக் குறிக்கப்படும் நீதிக்கட்சியின் ஏ. டி. பன்னீர்செல்வம், இராசாமடத்திலும் ஒரத்தநாட்டிலும் சத்திர வருவாயைக் கொண்டு பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி அமைத்தார். திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்ததிலும் அவர் பங்கு பெரிது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் உடன் நின்றார்.

பேக்கரின் சட்டகத்தில் இவையெல்லாம் ஆதரவாளருக்கு அளித்த சலுகைகளாகவே தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. அன்று வரி செலுத்துவோருக்கே வாக்கு. விடுதியில் உண்டு படித்த பிள்ளைக்கு வாக்கில்லை. அவனை அனுப்பிய ஏழைக் குடும்பங்களில் பலவற்றுக்கும் இல்லை. வாக்குக்காகச் செலவிட நினைக்கும் தலைவருக்குக் காண்ட்ராக்டும் சாலையும் கைக்கெட்டிய வழிகள். கிறித்தவரான ஒருவர் இந்து மன்னர்களின் அறக்கட்டளையில் கை வைப்பது எதிர்ப்பை வலிய வரவழைக்கும் செயலுங்கூட. விடுதியால் பயன்பெற்ற சாதியினரில் வாக்குள்ள தனவந்தர்களும் இருந்தார்கள், அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்று கூறலாம். அதை ஒப்புகிறேன். ஆனால் அவர்களுடைய மகிழ்ச்சி விளைவு; அதையே நோக்கமென்று கொள்ளச் சான்று வேண்டும்.

அறக்கட்டளையின் நோக்கம் திரிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு, இரண்டாம் சரபோஜி 1801இல் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் விடை தருகிறது. சத்திரங்களைத் தம்மிடமிருந்து பிரிக்கக் கூடாதென வாதாடும் மன்னர், அங்கே நடப்பவற்றை வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வரும் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு, சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் பண்டங்களும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டோ என அறிவிப்பு, நோயுற்றவர்க்கு மருத்துவம், அநாதைக் குழந்தைகளுக்கு வளர்ப்பும் படிப்பும். வேதம் ஓதுவிப்போரும் பள்ளி ஆசிரியரும் ஒரே பட்டியலில் வருகின்றனர். பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் படிக்க வைப்பது புதிய வழக்கமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடிதம் சத்திரங்களைப் பொதுவாகப் பேசுகிறது என்பதும், மன்னர் தம் அறத்தை உயர்த்திச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார் என்பதும் உண்மையே. இருந்தும் அறத்தின் நோக்கம் இன்னது என்று உரியவரே சொன்ன சொல் அது.

இவ்விடுதிகள் எந்த ஆண்டில் தொடங்கின என்பதை இக்கட்டுரை அறுதியிடவில்லை. 1930க்குப் பிந்திய தலைமைக்கும் இம்முடிவை நீட்டவில்லை. அக்காலத்துக்குப் பேக்கரின் விளக்கம் கூடுதலாகப் பொருந்தக்கூடும். பட்டுக்கோட்டை நாடிமுத்துப் பிள்ளையின் தலைமைக்குத் தனி ஆய்வு தேவை.

1958ஆம் ஆண்டுச் சட்டங்களோடு ஜில்லா போர்டுகளின் காலம் முடிந்தது. அவற்றின் அரசியலை உறுப்பினர்களின் கட்சிப் பெயர்களிலும் தாவல்களிலும் மட்டும் தேடினால் பேக்கரின் முடிவுக்கே வந்து சேர்வோம். பணம் யாருக்குச் செலவானது என்று கேட்டால், தஞ்சையில் பன்னீர்செல்வத்தின் தலைமை ஒரு கொள்கையின் தலைமை என்பது விளங்கும். அடுத்து ஆராய்வோர் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.