கரைதட்டிய கலமும் உடையவன் உரிமையும்

கடல் ஒரு கலத்தைக் கரையில் ஒதுக்கிவிட்டால், அக்கலம் உடையவனுக்கு உரியதா, கண்டெடுத்தவனுக்கு உரியதா, கரையை ஆள்பவனுக்கு உரியதா? கடல்வாணிகத்தோடு தோன்றிய இவ்வினாவுக்கு இலங்கையின் வட கரையோரம் பழைய விடையொன்றை வைத்திருக்கின்றது.

12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்ச் சாசனத்தைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்கூறு அரச பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும், வாணிகச் சரக்குக் கலம் உடைந்தால் சரிபாதியும் சேரவேண்டுமென அது விதிக்கின்றது. மன்னனின் பங்கு பெரிதேயாயினும், கலம் உடைந்ததால் உடையவனின் உரிமை முற்றாக அழிவதில்லை என்னும் கொள்கை ஈண்டு நோக்கற்பாலது.

இக்காலச் சட்டம் அக்கொள்கையை மேலும் வலுப்படுத்தியது. கப்பலின் சொத்துரிமை வேறு, அதனைக் கைவசம் வைத்திருத்தல் வேறு. இவ்விரண்டையும் பற்றிய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கக் கடல்சார் நியாயாதிக்கச் சட்டம் இலங்கையின் மேல் நீதிமன்றத்துக்கு அளிக்கின்றது. வழக்குக் கப்பலின் மீதே தொடரப்படலாம். தீர்ப்பு வரும்வரை கப்பலைத் தடுத்துவைக்கவும் நீதிமன்றம் ஆணையிடலாம். ஆபத்திலிருந்து கப்பலை மீட்டவர் கூலி கோரலாமேயன்றி, மீட்டதனாலேயே அதற்கு உடையவராகிவிடுவதில்லை.

இவ்விதிகளின் எல்லையை வன்னிக் கரை காட்டியது. 2006 டிசெம்பரில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு ஏறத்தாழ 14,000 தொன் அரிசி ஏற்றிச் சென்ற ஜோர்தானியக் கப்பலான ‘பாரா-3’ இயந்திரம் பழுதுற்று முல்லைத்தீவுக் கரையில் தட்டியது. அக்கரை அப்போது விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. மாலுமிகள் 25 பேரையும் தாம் காப்பாற்றியதாகப் புலிகள் கூறினர். தம்மைப் பலவந்தமாக இறக்கியதாகக் கப்பல் தலைவர் கூறினார். மாலுமிகள் செஞ்சிலுவைக் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர், கப்பல் திரும்பவில்லை.

காப்பாற்றியது உண்மையெனின் மீட்புக் கூலி மட்டுமே உரித்தாகும். பலவந்தம் உண்மையெனின் அதுவும் இல்லை. எவர் கூற்றை ஏற்பினும் கப்பல் உடையவனுக்கே உரியது. ஆயினும் நீதிமன்றத்தின் ஆணை செல்லாத கரையில் அவ்வுரிமையை நிலைநாட்ட வழியில்லை. 2009இல் போர் முடிந்தபோது எஞ்சியது துருவேறிய உடல் மட்டுமே. பின்னர் அதுவும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

நயினாதீவுச் சாசனம் உடையவனுக்கு வழங்கியது பாதியோ முக்காற்கூறோ மட்டுமே. எனினும் அதனை வழங்க வல்ல ஆட்சி அதன் பின்னால் நின்றது. இக்காலச் சட்டம் முழு உரிமையையும் வழங்கியது. முல்லைத்தீவுக் கரையில் அதனைப் பெற்றுக்கொடுக்க எவரும் இருக்கவில்லை.