இடிமுகிலின் மின்னழுத்தம்
இடிமுகிலுள் எத்துணை மின்னழுத்தம் உறைகின்றது? ஸ்காட்லாந்து அறிஞர் வில்சன் 1920களிலேயே நூறு கோடி வோல்ட்டு எனக் கணித்தார். ஆயினும் முகிலுள் ஏறிய பலூன்கள் கண்ட பேரளவு 13 கோடியே. பலூன் செல்லும் வழியன்றி முகில் முழுவதையும் அது அறியாதன்றோ!

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் ஜப்பானியருடன் இணைந்து உதகையில் அமைத்த கிரேப்ஸ்-3 கருவி, விண்கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணுவது. முகிலின் மின்புலம் அத்துகள்களின் ஆற்றலை மாற்றும். ஆகவே தரையை எட்டுவனவற்றின் தொகையும் மாறும். அம்மாறுதலைக் கொண்டே, முகிலுள் புகாமல் அதன் அழுத்தத்தைக் கணக்கிட்டனர். 2014 டிசம்பர் 1 அன்று, மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. விரைவில் சென்ற முகிலொன்று 130 கோடி வோல்ட்டைக் காட்டிற்று. 2011 ஏப்ரல் முதல் பதிவான 184 இடிப்புயல்களுள் இதுவே தலையாயது. 2019இல் இம்முடிவு வெளியாயிற்று. வில்சன் மறைந்து அப்போது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.