கிறுக்குப் போர்வை

1876. பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி. ஜப்பான் அரங்கின் கோணல்மாணல் அழகில் சொக்கிப்போனார்கள் அமெரிக்கப் பெண்கள். விளைவு, அடுத்து வந்த வருஷங்களில் ‘கிரேஸி க்வில்ட்’ மோகம்!

அடியில் சதுரமாக ஒரு சாதாத் துணி. அதன்மேல் பட்டு, வெல்வெட் துண்டுகளைத் தாறுமாறாக வைத்து ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுகள் சேரும் இடமெல்லாம் இறகுத் தையல். மூலையில், அதிர்ஷ்டத்துக்கு ஒரு சிலந்தி! இறந்துபோன அம்மாவின் கவுன் துண்டுகூட அதில் இடம்பிடிக்கும். போர்த்திக்கொள்ள அல்ல, பொத்திப் பாதுகாக்க!

ஆனால் பாருங்கள்... அப்போது பட்டு எடைக்கு விற்றது. கனம் ஏற்ற, உலோக உப்புக் கரைசலில் முக்கியெடுத்தார்கள். அந்த உப்பு பட்டை உள்ளுக்குள்ளேயே அரித்தது. இன்று மியூசியங்களில் அந்தப் பட்டு பொடிப்பொடியாக உதிர்கிறது. பல இடங்களில் அம்மாவின் கவுன் போய்விட்டது. மிஞ்சியிருப்பது, அதைச் சுற்றி மகள் போட்ட தையல் மட்டும்தான்!