வில்லும் நாணும் நிழலும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் திரிகோணமிதிப் பாடத்தில் ‘சைன்’ என்றும் ‘டேன்ஜென்ட்’ என்றும் மனனம் செய்கின்றனர். அக்கலை எங்கிருந்து வந்தது என வினவினால் பலரும் ஐரோப்பாவையே கைகாட்டுவர். நம் மேடைகளிலோ, அது முற்றும் முஸ்லிம்கள் கண்டதே என்று முழங்கக் கேட்கின்றோம். இரண்டும் வரலாறு அன்று.

வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும் தமிழில் வழங்குகிறோம். அரபியிலும் ‘கவ்ஸ்’ என்பது வில். ‘வதர்’ என்பது நாண். வடமொழி ‘ஜ்யா’வும் வில்நாணே. அரபு உலகம் ‘அல்மஜிஸ்தி’ எனப் போற்றிய நூலில், கிரேக்க மொழியில் எழுதிய தாலமி முழு நாண்களின் அளவுகளைப் பட்டியலிட்டிருந்தார். கி.பி. 499-ஐ ஒட்டி வாழ்ந்த ஆரியபட்டரோ அரை நாணை எடுத்துக்கொண்டார். மாற்றம் சிறிதுதான். ஆனால் அரை நாண் செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கமாகவே அமைந்துவிடுவதால் கணக்கு எளிதாயிற்று. இன்றைய சைன் அதன் வழி வந்ததே.

அப்பாஸியக் கலீபா அல்மன்ஸூரின் ஆட்சியில் (754–775) இந்திய வானநூல் பக்தாதை அடைந்தது. ‘ஜ்யா’வின் மறுவடிவமான ‘ஜீவா’ என்னும் சொல்லை அரபியர் ஒலிபெயர்த்து ‘ஜீப்’ என வழங்கினர். உயிர்க்குறியின்றி எழுதினால் அதே எழுத்துகளை ‘ஜைப்’ என்றும் வாசிக்கலாம். ஜைப் என்பது ஆடையின் கழுத்துத் திறப்பு. மூஸா நபி (அலை) தம் கரத்தை நுழைத்ததாகத் திருக்குர்ஆன் கூறுமிடத்தில் வரும் சொல் அதுவே. நாளடைவில் அரபு நூலோரும் ‘ஜைப்’ என்றே கொண்டனர். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தோர் ஆடை மடிப்பைக் குறிக்கும் ‘ஸைனஸ்’ என்னும் சொல்லை இட்டனர். இதை மொழிபெயர்ப்பாளரின் பிழை என நகையாடுவோர் உளர். நமக்கு அது நியாயமாகப் படவில்லை. தம் முன்னிருந்த சொல்லை அவர்கள் சரியாகவே பெயர்த்தனர்.

டேன்ஜென்டின் கதை வேறு. அது நிழலில் பிறந்தது. அரபியில் அதன் பெயரே ‘ழில்’, அதாவது நிழல். நட்ட கோலின் நிழல், உச்சிப்பொழுது நிழலைக் கழித்து, கோலின் நீளத்துக்கு ஈடானதும் ஷாபிஈ மத்ஹபில் அஸர் நேரம் தொடங்குகிறது; இமாம் அபூஹனீபாவின் பிரபலமான கூற்றுப்படி இருமடங்கானதும். நிழலின் அளவிலிருந்து சூரியனின் உயரத்தைக் கோணமாகக் காண்பதே நிழற்பட்டியலின் பணி.

கிப்லா இதனினும் கடினமானது. நம் ஊர், மக்கா, வடதுருவம் ஆகிய மூன்றையும் இணைத்தால் உருண்டையின் மேல் ஒரு முக்கோணம் உண்டாகிறது. அதைத் தீர்க்கும் சைன் விதியை முதலில் கண்டவர் யார் என்று 10-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கு எழுந்தது. அபுல் வஃபா, அபூநஸ்ர் மன்ஸூர், குஜந்தீ ஆகிய மூவரும் உரிமை கோரினர். 14-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் அல்கலீலீ, அட்சரேகை தீர்க்கரேகை வாரியாகக் கிப்லாவைக் கணித்து ஏறத்தாழ 3,000 பதிவுகள் கொண்ட அட்டவணை ஒன்றை இயற்றினார்.

அபூநஸ்ரின் மாணவர் அல்பீரூனீ (973–1048). கஸ்னாவின் கிப்லாவைத் திட்டமாக அறியவே 1025-இல் ‘தஹ்தீத்’ நூலை முடித்தார். அதில் ஒரு மலையின் கதை வருகிறது. முன்னர்க் கலீபா மஃமூனின் அறிஞர்கள் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நடந்து பூமியை அளந்தனர். பீரூனீக்கு அந்த நடை தேவைப்படவில்லை. ஜீலம் ஆற்றுக்கு அப்பால், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலை. அதன் எதிரே பரந்த சமவெளி. சமவெளியில் ஈரிடங்களில் நின்று உச்சியின் கோணங்களை அளந்து மலையின் உயரம் சுமார் 652 முழம் எனக் கண்டார். பின்னர் உச்சியேறித் தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறதென நோக்கினார்: 34 கலை, அதாவது ஒரு பாகையில் பாதியைவிடச் சற்றே மிகுதி. இவ்விரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் அரைவிட்டம் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் முழம் எனக் கணித்தார். இன்றைய அளவோடு அப்படியே பொருந்துகிறது என்று சிலர் பெருமை பேசுகின்றனர். அவருடைய முழத்தின் நீளம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. காற்றில் ஒளி வளைவதால் தொடுவானக் கோணமும் சிறிது பிழைபடும். வியப்புக்குரியது விடையன்று, ஒரு குன்றின் மேல் நின்றே உலகை அளக்க வகுத்த வழி.

நஸீருத்தீன் தூஸீ (1201–1274) இக்கலையை வானநூலின் பிடியிலிருந்து விடுவித்துத் தனி நூலாக யாத்தார். ஐரோப்பாவில் ரெஜியோமான்டானஸின் முக்கோண நூல் 1533-இல் அச்சேறியது. அவர் ஸெவில் நகரத்து ஜாபிர் இப்னு அஃப்லஹிடம் கடன்பட்டவர் என்பதை அந்நூற்றாண்டிலேயே இத்தாலியரான கார்டானோ சுட்டிக்காட்டினார். ‘டிரிகோனமெட்ரி’ என்னும் பெயர் 1595-இல் பிடிஸ்கஸ் இட்டது. 1748-இல் ஆய்லர் இவ்வளவைகளை வெறும் கோடுகளாகக் கொள்ளாமல் எண்களாகவே கையாண்ட பின்னரே நாம் இன்று கற்கும் உருவம் வந்தது. அலையாக வரும் மின்னோட்டத்தையும் ஒலியையும் பொறியியலார் இதே சைனால் கணிக்கின்றனர்.

நிலத்தை அளப்பதில் இக்கலையின் மாபெரும் பயன் நம் நாட்டிலேயே தொடங்கியது. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைச் சைன் விதி தந்துவிடும். ஆகவே அதன்பின் பெரும்பாலும் கோணங்களையே அளந்து, முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துச் சென்றார். குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோவில் கோபுரங்களே அவருக்கு மலையாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றும்போது கயிறறுந்து, அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. புதிய கருவிக்காக அவர் காத்திருக்கவில்லை. தாமே அதைப் பிரித்துச் செப்பனிட்டு, மீண்டும் அளக்கப் புறப்பட்டார்.